அக்காவோட சோல் பாட்டு, மூணாவது ரிலீஸ் – பழைய ரெக்கார்டு சத்தம் எப்படிங்க வரும்?

செம்பனைத்தம்பி எழுதுனது:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், டவுன்லருந்து மோட்டர்ல ஒரு பத்து நிமிஷம் உள்ள போனா எங்க தோட்டம், முன்னாடி ரப்பர் பால்மரம் இப்ப எல்லாம் எண்ணெய் எடுக்கற செம்பனை, லயத்துல (தோட்டத்து ஆளுங்க வரிசை வீடு) பாதி வீடு காலி. எங்க அக்காவுக்கு 44 வயசு. பகல்ல பள்ளிக்கூட கேண்டீன்ல சமையல், சனி ஞாயிறு கல்யாண பேண்டுல பாட்டு, வெள்ளிக்கெழம கோயில் பஜனை. சின்ன வயசுலருந்து இதான். மூணு வருஷத்துக்கு முன்ன என் மவன் யூடியூப்ல ஷேரன் ஜோன்ஸ்னு சோல் (அமெரிக்க கறுப்பு ஜனங்களோட பாட்டு வகை) பாடுன ஒரு அம்மாவ போட்டு காட்டிட்டான். அக்கா வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்துச்சு, கத்திய கீழ வச்சிட்டு "யாருடா இது, மாரியாத்தா கோயில்ல அருள் வந்து பாடற மாதிரி பாடறா"ன்னு கேட்டுச்சு. அன்னையிலருந்து பைத்தியம் புடிச்ச மாதிரி அந்த டைப் பாட்டுதான் வீட்ல, கடைசில தானே தமிழ்ல எழுதி பாட ஆரம்பிச்சிருச்சு.

இதுவரைக்கும் ரெண்டு பாட்டு விட்டோம். கம்பெனி எதுவும் இல்ல, எங்க காசு. மொத பாட்டு வீட்ல ரெக்கார்டு பண்ணது, பின்னால ஃபேன் சத்தம், அதுவே ஜனங்களுக்கு பிடிச்சிருந்துச்சு. ரெண்டாவது பாட்டுக்கு கோலாலம்பூர்ல ஒரு ஸ்டூடியோ போனோம், பேரு வேணாம், 900 வெள்ளி குடுத்தோம். பழைய காலத்து சத்தம் வேணும்னு நான் நாலு தடவ சொன்னேன், அவரு சரி சரின்னு தலையாட்டிட்டு கொரல ஆட்டோடியூன்ல போட்டு நேராக்கிட்டு, டிரம்ஸ கம்ப்யூட்டர்ல அடிச்சிட்டு, கடைசில அதுக்கு மேல ரெக்கார்டு பிளேட்டு நொறநொறன்னு ஓடற சத்தத்த தூவி விட்டாரு. அக்கா கேட்டுட்டு ஒரே வார்த்த, "அஜினமோட்டோ அள்ளி கொட்டிருக்கான்டா".

இப்ப மூணாவது. எங்க பேண்டுல டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஒரு பழைய கீபோர்டு, ஒரு டிரம்பெட் தம்பி இருக்கான். கையில இருக்கறது எட்டு மைக்க கம்ப்யூட்டர்ல சேக்கற இன்டர்ஃபேஸ் பொட்டி ஒண்ணு, மைக்கு நாலஞ்சு. இத வச்சிக்கிட்டு அந்த சத்தம் வருமா, இல்ல டேப் மிஷின் வாங்குனாத்தான் வருமா? இன்னொண்ணு, பக்கத்துக்கு ஒரு பாட்டு வர்ற சின்ன 45 பிளேட்டா (ரெக்கார்டா) அடிக்கலாமான்னு அக்காவுக்கு ஒரு ஆச, அது வீண் செலவா? பி சைடுக்கு, அதான் பிளேட்டோட பின் பக்கத்துக்கு, ஒரு பழைய சினிமா பாட்ட சோல் மாதிரி மாத்தி வச்சிருக்கோம், கல்யாணத்துல பாடுனா கூட்டம் எழுந்துருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

குழாய்ஸ்பீக்கர் எழுதுனது:

தம்பி, சுங்கை சிப்புட்டா, நானும் அந்த பக்கம்தான், ஆனா இப்ப ஈப்போவுல மவ வீட்ல. எழுபதுகள்ல எங்கப்பா மைக் செட் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தாரு. தீமிதி வந்தா மூணு நாள் முன்னாடியே தென்னமரத்துல குழாய் ஸ்பீக்கர கட்டிருவாரு, நான்தான் பிளேட்டு மாத்தற பையன். உனக்கு ஒண்ணு சொல்றேன், நாம பழைய சத்தம் பழைய சத்தம்னு சொல்றமே, அதுல பாதி அந்த குழாயோட சத்தம். குழாயில கீழ் சத்தமும் வராது ரொம்ப மேல் சத்தமும் வராது, நடுவுல இருக்கற மனுஷன் கொரல் மட்டும் முட்டிக்கிட்டு வெளிய வரும், அதனாலதான் ரெண்டு தோட்டம் தாண்டியும் பாட்டு வரி புரியும். வேலைக்கு பேர் கூப்புடற பெரட்டுக்கு நிக்கறப்ப விடிகாலையில தூரத்துலருந்து அந்த கொரல் வந்தா ஒரு மாதிரி இருக்கும், இப்ப நெனச்சாலும் இருக்கு.

நொறநொற சத்தம் பத்தி சொன்ன பாரு, சிரிச்சிட்டேன். அந்த சத்தம் வந்தா எங்கப்பா என் மண்டையில கொட்டுவாரு, ஊசிய தொடச்சியாடான்னு. அத போயி காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க.

---

பசார்மாலாம் எழுதுனது:

கொஞ்சம் மாத்தி பேசறேன், கோவிச்சிக்காதீங்க. எனக்கு இந்த ரெட்ரோ சமாச்சாரமே கொஞ்சம் வேஷம் போட்ட மாதிரிதான் தெரியுது. சோல் மியூசிக் அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க சர்ச்சுல பாடி வந்தது, அவங்க பட்ட பாட்டுல வந்தது. நாம சுங்கை சிப்புட்ல உக்காந்துக்கிட்டு பெல்பாட்டம் போட்டு ஃபோட்டோவ மஞ்சளாக்கி 1967 மாதிரி கவர் போட்டா அது என்ன? இப்ப நெறைய பேரு இப்படித்தான் பண்றாங்க, சட்டையும் ஃபில்டரும் இருக்கு பாட்டு இல்ல. அக்காவுக்கு கொரல் இருந்தா இப்ப உள்ள மியூசிக்லயே பாடலாமே?

---

ரீல்டேப் எழுதுனது:

வேலையே இதுதாங்க எனக்கு, லைவ் சவுண்டும் ரெக்கார்டிங்கும், அதனால கொஞ்சம் நீளமா போவும்.

மொதல்ல டேப் மிஷின் வாங்காதீங்க. ஷேரன் ஜோன்ஸ் பாடுன டாப்டோன் கம்பெனி 2001ல நியூயார்க் புரூக்ளின்ல ஆரம்பிச்சது, ஒரு பழைய வீட்டையே ஸ்டூடியோவா மாத்தி எட்டு டிராக் டேப்புல, அதாவது எட்டு சத்தத்த மட்டும் தனித்தனியா பதியற டேப்புல, ரெக்கார்டு பண்ணாங்க. எல்லாரும் அந்த டேப்பதான் புடிச்சிக்கிறாங்க, ஆனா விஷயம் டேப்புல இல்ல, எட்டுங்கற நம்பர்ல இருக்கு. எட்டு டிராக்குதான் இருக்குன்னா டிரம்ஸுக்கு பத்து மைக் வைக்க முடியாது, ஒண்ணு இல்ல ரெண்டு. ஹார்ன்காரங்க, அதான் டிரம்பெட் மாதிரி ஊதறவங்க, எல்லாரும் ஒரே மைக்க சுத்தி நிக்கணும், யாரு சத்தம் ஜாஸ்தியோ அவரு ஒரு அடி பின்னால போகணும். மிக்ஸிங், அதான் சத்தங்கள அளவா கலக்கறது, வாசிக்கறப்பவே நடந்து போச்சு. உங்க இன்டர்ஃபேஸ்லயும் எட்டுதான? அப்பறம் என்ன கொறச்சல்.

ரெண்டாவது, ஒழுகல். இப்ப ஸ்டூடியோவுல ஒவ்வொருத்தரா தனித்தனியா வாசிச்சு ஒட்டுறாங்க. அப்ப எல்லாரும் ஒரே ரூம்ல, டிரம்ஸ் சத்தம் பாடறவங்க மைக்ல ஒழுகும், கிட்டார் டிரம்ஸ் மைக்ல ஒழுகும். அந்த ஒழுகல்தான் எல்லாத்தையும் ஒரே எடத்துல இருக்கற மாதிரி கேக்க வைக்குது. அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல, சோல் பாட்டு எடுத்த ஸ்டாக்ஸ் கம்பெனி ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா கொட்டாய், தரை கூட சரிவா அப்படியே இருந்துச்சு, அந்த ரூம் சத்தம் ஒவ்வொரு பாட்டுலயும் கேக்கும். இன்னும் சொல்லப்போனா நம்ம மெட்ராஸ்லயும் அதே கதைதான், அந்த காலத்து சினிமா பாட்டுல ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் பாடறவங்களும் சேர்ந்து ஒரே நேரத்துல எடுத்தது, ஒருத்தரு தப்பு விட்டா மறுபடி மொதல்லருந்து. பசார்மாலாம் பாஸுக்கு இத சொல்லிக்கறேன், முறைன்னு பாத்தா இது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் கெடையாது, உங்க அப்பா அம்மா கேட்ட டிஎம்எஸ், சுசீலா எல்லாம் அப்படி வந்தவங்கதான்.

செய்ய வேண்டியது: தோட்டத்துல பொது மண்டபம் இருந்தா அங்க போங்க, தகரக் கூரைன்னா மழ இல்லாத நாளா பாருங்க. செவத்துல ரெண்டு பக்கம் மட்டும் தோத்தோ மெத்தைய தொங்க விடுங்க, எல்லா பக்கமும் மூடுனா உயிர் போயிரும். ஸ்னேர் டிரம் மேல ஒரு பர்ஸ வைங்க, ஸ்டாக்ஸ் டிரம்மரே வச்சதா சொல்லுவாங்க, அந்த டிங் டிங்னு அடிக்கற ஓசை அடங்கி "டப்"புன்னு வரும். பேஸுக்கு புது கம்பி போடாதீங்க, மோட்டவுன்னு இன்னொரு சோல் கம்பெனியில பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியே மாத்த மாட்டாரு, அந்த அழுக்கு கம்பியிலதான் அந்த மொத்தமான சத்தம். கிளிக் (தாளம் சொல்ற டிக் டிக் சத்தம்) போட்டு வாசிக்காதீங்க. அக்கா மைக்லருந்து ஒரு கை தூரம் நிக்கட்டும், ஓங்கி பாடறப்ப தானா பின்னால போவும், கல்யாணத்துல பாடி பாடி அதெல்லாம் அவங்களுக்கே தெரியும்.

எக்கோ மட்டும் கம்ப்யூட்டர்ல வேணாம். டெட்ராய்ட்ல மோட்டவுன்காரங்க வீட்டு பரண்ல ஸ்பீக்கர வச்சு கொரல ஓட விட்டு இன்னொரு மைக்ல அந்த எதிரொலிய புடிச்சாங்க. உங்க தோட்டத்துல ரப்பர் ஷீட்டு காயப்போட்ட பழைய ஸ்மோக் ஹவுஸ் ஏதாவது நின்னுக்கிட்டு இருக்கா? செங்கல் செவுரு, ஒசரம், உள்ள ஒண்ணுமில்ல. அதவிட நல்ல எக்கோ ரூம் காசுக்கு கெடைக்காது. கூரை கெட்டியா இருக்கான்னு பாத்துட்டு, தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு போங்க.

---

குழாய்ஸ்பீக்கர் எழுதுனது:

பசார்மாலாம் தம்பி, நமக்கு எதுக்கு சோல்னு கேட்டீங்க. ஆலிகேட்ஸ் யாருன்னு நெனக்கிறீங்க? பினாங்கு தமிழ் பசங்க, லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம், அண்ணன் தம்பி. டேவிட் அந்த சுருட்ட முடிய குட மாதிரி வளத்து வச்சிருப்பாரு, மலாய்ல பாடி நாடு முழுக்க பிடிச்சாங்க, லோகா 2007ல தவறிட்டாரு. அந்த கொரல்ல இருந்தது சோல்தான, வேற என்ன? எங்க தோட்டத்துல டிவில அவங்க வந்தா கள்ளுக்கடை காலியாயிரும். அவங்க தமிழ்ல பாடிருக்கலாமேன்னு அப்ப ஏங்குனோம், இந்த பொண்ணு பாடுது, விடுங்க.

---

பசார்மாலாம் எழுதுனது:

ஆலிகேட்ஸ சொல்லிட்டீங்க, அதுக்கு மேல நான் பேச முடியாது அண்ணே. ஆனா என் பாயிண்ட் வேற. அவங்க அந்த காலத்துல அந்த காலத்து மியூசிக் பாடுனாங்க. சரி, ரெக்கார்டிங் முறை பழசா இருக்கட்டும், எனக்கு பிரச்சன இல்ல. வரியாவது இப்ப உள்ளதா இருக்கணும். "கண்ணே மணியே"ன்னு போட்டா நான் கேக்க மாட்டேன். பாதி லயம் காலின்னு எழுதுனீங்களே, அதுல பாட்டு இல்லையா?

---

உறுமித்தம்பி எழுதுனது:

நான் சுங்கை பட்டாணில உறுமி மேளம் வாசிக்கறவன், டிரம்ஸும் வாசிப்பேன். தாளம் பத்தி ஒண்ணு சொல்லணும்.

நாலு அடி தாளத்துல நம்ம ஆளுங்க கைத்தட்டுனா ஒண்ணு மூணுல தட்டுவாங்க, சோல்ல அடி ரெண்டு நாலுல. வேகமான பாட்டு பண்ணறப்ப தமிழ் வரி ஒண்ணுலயே போயி உக்காந்துக்கும், ஏன்னா நம்ம வார்த்தைக்கு மொத எழுத்துலதான் அழுத்தம், அதனால பாட்டு கோயில் பாட்டு மாதிரி ஆயிரும், சோல் ஆகாது. ஒரு தந்திரம் இருக்கு, வரிய கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்க சொல்லுங்க அக்காவ, ஒண்ண விட்டுட்டு அதுக்கப்பறம். ஸ்டாக்ஸ்ல 1965ல வில்சன் பிக்கெட்னு பாடகர் பாட்டு எடுக்கறப்ப ஜெர்ரி வெக்ஸ்லர்னு தயாரிப்பாளர் வந்து புது டான்ஸ் ஒண்ணு ஆடியே காட்டி, ரெண்டு நாலு அடிய ஒரு மயிரிழை தள்ளி அடிங்கன்னாராம், டிரம்மரும் கிட்டாரும் சேர்ந்து தள்ளுனாங்க, அதுலருந்து அந்த இழுவை அவங்களுக்கு முத்திரையாயிருச்சு. அந்த கிளிக் அடிக்கற மெட்ரோனோம் வச்சா இது வராது.

மெதுவான பாட்டுன்னா கவலையே வேணாம். ஓடிஸ் ரெடிங்னு ஸ்டாக்ஸ் பாடகர் உருகி பாடுன மெதுவான பாட்டு நெறையதுல ஒவ்வொரு அடியும் மூணு மூணா பிரியும், அதாவது நம்ம திஸ்ர நடை. தகிட தகிட. தாலாட்டு, கும்மி எல்லாம் நமக்கு இதுலதான ஓடுது, தமிழ் வரி அதுல தானா போயி படுத்துக்கும். உங்க அக்கா பஜனை பாடறவங்கன்னா இழுத்து வளைக்கறது தனியா கத்துக்க வேண்டியதில்ல, ஆனா ஒண்ணு, கர்நாடக கமகம் மாதிரி நுணுக்கமா போகாம கொஞ்சம் கரடுமுரடா விடணும். சுத்தமா பாடுனா சோல் போயிரும். சத்தியமா.

---

தட்டுவண்டி எழுதுனது:

பிளேட்டு, காசு விஷயம் மட்டும் நான் சொல்றேன், பாட்டு பத்தி எனக்கு மேல பேசுனவங்க போதும். நான் ரெக்கார்டு சேக்கறவன், அம்கார்ப் மால்ல ஞாயித்துக்கெழம என்ன பாத்திருப்பீங்க, முதுகு வளைஞ்சு பொட்டிய கிண்டிக்கிட்டு நிக்கறவங்கள்ல ஒருத்தன்.

சினிமா பாட்ட பி சைடுல போடாதீங்க. கல்யாணத்துல பாடறது வேற, ரெக்கார்டு பண்ணி விக்கறது வேற. பாட்ட எழுதுனவங்க, இசையமைச்சவங்க உரிமை தனி, அவங்க போயி 50 வருஷம் வரைக்கும் நம்ம நாட்டு சட்டத்துல நிக்குது. சோல் மாதிரி மாத்திட்டோமேன்னா மாத்தறதுக்கும் அனுமதி வேணும். சொந்தப் பாட்டையே ரெண்டாவது பக்கமும் போடுங்க, அப்படியே அக்கா எழுதுன பாட்டுக்கெல்லாம் எம்ஏசிபில (பாட்டு எழுதறவங்களுக்கு உரிமைக் காசு வசூலிச்சு தர்ற அமைப்பு) பதிஞ்சிருங்க, நாளைக்கு ரேடியோவுல ஓடுனா எழுதுனவங்களுக்கு வர வேண்டியது அது வழியாத்தான் வரும்.

45 பிளேட்டு. ஆசையா இருக்கும், எனக்கும்தான், ஆனா தொழிற்சாலையில கொறஞ்சது நூறு, சில எடத்துல முன்னூறு கேப்பாங்க, மாசக்கணக்குல காத்திருக்கணும். பெட்டி பெட்டியா வந்து அக்கா வீட்டு கட்டிலுக்கு அடியில கெடக்கறத நான் பாக்க விரும்பல. நம்ம வெயிலுக்கு கார்ல ஒரு மத்தியானம் வச்சா அப்பளம் மாதிரி வளைஞ்சிரும் வேற. அதனால மொதல்ல பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கற வெப்சைட்ல ரெண்டு பாட்டு சிங்கிளா போடுங்க. பாட்டு வித்தா அவங்க 15 சதவீதம் எடுத்துக்குவாங்க, மிச்சத்துல பணம் அனுப்பற கட்டணம் போக உங்களுக்கு. 2020லருந்து சில வெள்ளிக்கெழமையில அவங்க பங்கையே எடுக்கறதில்ல, அந்த நாளா பாத்து ரிலீஸ் பண்ணுங்க. ஸ்பாட்டிஃபைலயும் போடுங்க, ஆனா வருஷத்துக்கு ஆயிரம் தடவ ஓடலன்னா அந்த பாட்டுக்கு காசே கெடையாது இப்ப, அத கணக்குல எடுக்காதீங்க. மின்னல் எஃப்எம் தமிழ் ரேடியோவுக்கும் அனுப்புங்க, அனுப்பறதுக்கு காசா பணமா.

முன்கூட்டியே காசு கட்டறவங்க அறுபது எழுபது பேரு சேந்தா அப்ப பிளேட்டு பத்தி பேசலாம். அதுக்குன்னு இப்பவே மூணு விஷயம் பாத்து வைங்க. ஒவ்வொரு பக்கமும் மூணரை நிமிஷத்துக்குள்ள, அதுக்கு மேல போனா கோடு நெருங்கி சத்தம் கொறயும். பேஸ் சத்தம் நடுவுல இருக்கணும், மோனோவா (ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தமா) எடுத்தா இன்னும் நல்லது. அப்பறம் ச, ஸ, ஷ. இந்த எழுத்து பிளேட்டுல ஊசிய கிழிக்கற மாதிரி கேக்கும், கடைசி சுத்துல இன்னும் மோசம். பாட்டு முடிவுல "ஆசை ஆசை"ன்னு நாலு தடவ வந்தா வரியையே மாத்துங்க.

வயசு பத்தி யாரும் கேக்கல, ஆனா நானே சொல்றேன். ஷேரன் ஜோன்ஸ் சின்ன வயசுல சர்ச்சுலயும் கல்யாண பேண்டுலயும் பாடிக்கிட்டு, ரைக்கர்ஸ் ஐலண்டு ஜெயில்ல காவல் வேல பாத்தவங்க, மொத ஆல்பம் 2002ல, 46 வயசு. சார்ல்ஸ் பிராட்லின்னு இன்னொரு சோல் பாடகர், பழைய பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மாதிரி வேஷம் கட்டி பாடி பொழச்சவரு, அவரு மொத ஆல்பம் 2011ல, 62 வயசு. 44 எல்லாம் இதுல கொழந்த.

---

செம்பனைத்தம்பி எழுதுனது:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சிருங்க, டிரம்பெட் தம்பிக்கு ஷிஃப்ட் வேல, எல்லாரும் சேர்ற ஞாயித்துக்கெழமையே கெடைக்கல.

எடுத்துட்டோம். மண்டபத்துலதான். அக்கா சினிமா பாட்ட விட்டுட்டு பசார்மாலாம் அண்ணன் கேட்டதுக்கு ஒரு பாட்டு எழுதுச்சு, எங்க லயத்துல பன்னெண்டாம் நம்பர் வீட்டு கதவு பத்தி, அந்த வீட்டுக்காரங்க கிள்ளானுக்கு போனப்ப பூட்டாமயே போயிட்டாங்க, காத்தடிச்சா தட்டுது, யாரோ வந்துட்டாங்கன்னு நாயி கொலைக்குது, அவ்வளவுதான் பாட்டு. திஸ்ர நடையில. உறுமித்தம்பி சொன்னது சரி, வரி தானா உக்காந்துருச்சு.

டிரம்மர் பர்ஸ வைக்க மாட்டேன்னுட்டாரு, சம்பளம் உள்ள இருக்காம். அக்கா கேண்டீன்லருந்து கொண்டாந்த மேச துடைக்கற துணிய மடிச்சு வச்சோம். டப்புன்னு வருது, அவ்ளோ அழகு. மொத ரெண்டு டேக் பாழு, ஒண்ணுல கிட்டார் தடுமாறிருச்சு, ஒண்ணுல எதிர் வீட்டு பாட்டி உள்ள வந்து யாருக்கு கல்யாணம்னு கேட்டுச்சு. மூணாவதுல அக்கா ஒரு வரிய மறந்து "ம்ம்"னு இழுத்துட்டு அடுத்த வரிக்கு போயிருச்சு, அதத்தான் வச்சிக்கிட்டோம்.

ஸ்மோக் ஹவுஸ் இருக்கு ரீல்டேப் அண்ணே, நிக்குது! கிராணி சாவி குடுத்தாரு, எதுக்குன்னு கேட்டாரு, எக்கோ புடிக்கன்னு சொன்னேன், ஒரு மாதிரி பாத்தாரு. உள்ள இன்னும் அந்த புகை வாசம் போகல, செவுரு தார் பூசுன மாதிரி கருப்பு. ஸ்பீக்கர வச்சு அக்கா கொரல மட்டும் ஓட விட்டோம், மொத "ஆ"க்கே மேலருந்து வௌவால் கூட்டமா கெளம்புச்சு, நானும் என் மவனும் ஒயர இழுத்துக்கிட்டு வெளிய ஓடிட்டோம். ரெண்டாவது தடவதான் புடிக்க முடிஞ்சது. கவனிச்சு கேட்டீங்கன்னா ரெண்டாவது சரணத்துல பின்னால படபடன்னு ஒரு சத்தம் இருக்கும், அது டிரம்ஸ் இல்ல.

அக்காவுக்கு போட்டு காட்டுனேன். முழுசா கேட்டுச்சு. அப்பறம், "உப்பு கொஞ்சம் கம்மி, மத்தபடி பரவால்ல". எனக்கு புரிஞ்ச வரைக்கும் டிரம்பெட் சத்தம் கொறச்சலா இருக்குங்குது.

அடுத்த பேண்ட்கேம்ப் வெள்ளிக்கெழமைக்கு விடறோம். வேகமான பாட்டு ஒண்ணும் எடுத்தோம், அத ஏ சைடா போடறதா கதவு பாட்ட போடறதான்னு வீட்ல சண்ட.

---

பசார்மாலாம் எழுதுனது:

கதவு ஏ சைடு. இதுல என்ன சண்ட.

---

உறுமித்தம்பி எழுதுனது:

வேகமானது ஏ, கதவு பி. நல்ல பாட்ட திருப்பி போட்டு கண்டுபுடிக்கட்டும்.

---

ரீல்டேப் எழுதுனது:

மிக்ஸ் எனக்கு அனுப்புங்க, காசெல்லாம் வேணாம். வௌவால எடுத்துறாதீங்க.

---

குழாய்ஸ்பீக்கர் எழுதுனது:

தம்பி, பிளேட்டு அடிச்சா எனக்கு ரெண்டு எடுத்து வை. எங்கப்பா பிளேயர் பரண்ல இருக்கு, ஊசிதான் தேடணும். அமெரிக்கா பிளேட்டு மாதிரி நடுவுல பெரிய ஓட்ட போட்டுறாத, அதுக்கு வைக்கற சின்ன வட்டு என்கிட்ட இல்ல.

பன்னெண்டாம் நம்பர் வீடு எந்த லயம், மேல் லயமா கீழ் லயமா? மேல் லயம்னா அந்த வீடு எனக்கு தெரியும்.